கடைசிச் சொட்டும் வடியட்டும்

மகள் கேனைக் கவிழ்த்து இன்ஜினுக்குள் ஆயிலை மளமளவென ஊற்றினாள். ஊற்ற ஊற்ற, காருக்கு அடியில் சளசளவென்று சத்தம். குனிந்து பார்த்தாள். அடக் கடவுளே! அத்தனையும் கீழே இருந்த தட்டில் விழுந்து, நிரம்பி, தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜினுக்கு அடியில் பழைய ஆயில் வடியும் ஓட்டையை அடைக்கும் போல்ட் இல்லை. அப்பாவின் பிடிவாதம் அது. ஆயில் மாற்றுவதென்றால் முந்தின சாயங்காலமே போல்ட்டைக் கழற்றிவிடுவார். "கடைசிச் சொட்டும் வடியட்டும்" என்பார். அந்த மனுஷன் இப்போது பின் சீட்டில் வியர்த்துக் கொட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அப்பா, போல்ட்ட எங்கப்பா வச்சீங்க?"

அவர் பார்வை தன் சட்டைப்பைக்குப் போனது. கையை விட்டு எடுத்தாள். துணிக்கு அடியில் நெஞ்சு தாறுமாறாகத் துள்ளியது.

ஆயிலிலேயே படுத்து போல்ட்டை முடுக்கினாள். ஆனால் கேன் காலி.

"ஐயோ, வேற ஆயில் இல்லையேம்மா!"

பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா தயங்கினாள். "டிக்கில இருக்குடி. உனக்குத் தெரியாம வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு."

நேற்று முழுக்க இதே சண்டைதான். பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் என்று அவர். காரோடு வந்த புத்தகத்தில் லேசான ஆயில்தான் போட்டிருக்கிறது என்று அவள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கப்பா!" என்று கத்தியும்விட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கெட்டி ஆயில் சாவகாசமாக இறங்கியது. "இறங்கித் தொலையேன்!" என்று அழுதாள்.

வண்டி தெருவைத் தாண்டியது. பின்னாலிருந்து மூச்சு வாங்கக் குரல் வந்தது. "எந்த ஆயிலு?"

"உங்க ஆயில்தாம்பா."

"சத்தமே இல்ல, பாத்தியா?"

"நீங்க சொன்னதுதான்பா சரி."

"அதுக்குள்ள ஒத்துக்காத. கொஞ்ச நாள் ஓட்டிப் பாரு."

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா அவரை உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டாள். அவர் பேசவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். நர்ஸ் அப்பாவின் சட்டையை மடித்து மகளிடம் கொடுத்தாள். பையில் வட்டமாகக் கரி ஆயில் கறை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வந்தார். "வாசல்ல நிக்கிறது உங்க காருங்களா? இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. சத்தமே இல்லைங்க, கிட்ட போனப்புறந்தான் தெரிஞ்சுது."

மகள் எழுந்து போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, சாவியின் மேல் கையை வைத்தாள். வெகு நேரம் அணைக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.