டிக்கெட்டக்கா யோசித்த நேரம்

அண்ணன் பேசுவான், தங்கை வெட்டுவாள். அந்த வீட்டின் தொழில் அவ்வளவுதான். வாரம் ஒருமுறை இணையத்தில் வரும் அவர்கள் நிகழ்ச்சியில் முதல் பாதி மாநகராட்சியின் லட்சணம், மறுபாதி நாட்டின் லட்சணம். அண்ணனுக்குக் கணீரென்ற குரல். அநியாயம் எங்கே நடந்தாலும் அவனுக்கு உடம்பு எரியும். நடிப்பில்லை, நிஜமாகவே எரியும். உழைப்புச் சுரண்டலைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு, குடித்த டீ கிளாஸை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவான். தங்கை எடுத்துக் கழுவி வைப்பாள். அதை அவன் சுரண்டல் கணக்கில் சேர்ப்பதில்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

தங்கைக்கு அவன் வைத்த பெயர் கத்தரி. பேட்டி கொடுக்க வருகிறவர்களின் இருமல், 'அது வந்து', 'என்ன சொல்றதுன்னா', மூச்சு வாங்கல், யோசனை எல்லாவற்றையும் நறுக்கி எறிவது அவள் வேலை. கணினித் திரையில் பேச்சு மேடும் பள்ளமுமாகத் தெரியும். மௌனம் வெறும் கோடு. கோட்டைக் கண்டால் அவள் விரல் தானாகப் போய் அழித்துவிடும்.

"கேக்கறவன் கட்டைவிரல் போன் மேலயே இருக்கு. நாம மூச்சு விட்டா அவன் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவான்" என்பது அண்ணனின் வேதம். கத்தரி கை வைத்தால் திக்கித் திணறுகிற ஆள்கூட வக்கீல் மாதிரிப் பேசுவார். வந்தவர்களும் கேட்டுவிட்டு, "நானா இவ்வளவு தெளிவாப் பேசினேன்?" என்று பூரித்துப்போவார்கள். அதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

அவர்கள் வார்டு கவுன்சிலர் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். அதனால் தெருவே அவரை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடும். கட்சி கிடையாது, கொடி கிடையாது. பாலத்தடியில் கடை போட்டிருக்கிற செருப்புத் தைப்பவர், சாவி போடுபவர், பழைய புத்தகக்காரர் எல்லாரும் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுச் சேர்த்துத்தான் அவர் ஜெயித்தார். அந்த அக்காவே பாலத்தடிக் கடைகளை அகற்றும் திட்டத்தின் முதல் கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தபோது, அண்ணனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஏனென்றால் அந்த விஷயத்தைத்தான் அவன் நாட்டுப் பாதியில் பல வாரமாகக் கிழித்துக்கொண்டிருந்தான். நடைபாதைகளைச் 'சுத்தம்' செய்யும் நகரங்களுக்கு நிதி என்று தேசிய அரசு அறிவித்திருந்தது. நம்மிடம் வாங்கின வரியில் கொஞ்சத்தை நமக்கே திருப்பித் தர, ஏழையை விரட்டு என்று நிபந்தனை. இதை அவன் எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு அது தலைநகரத்து விவகாரமாகவே இருந்தது. இப்போது சொந்தத் தெருவிலேயே அதற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

கூப்பிட்டதும் டிக்கெட்டக்கா வந்தார். சாப்பாட்டு அறைதான் ஒலிப்பதிவு அறை. தெருச் சத்தம் அதிகம் வராமல் இருக்க ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க வயித்துல அடிக்கிற காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா இல்லியா?"

டிக்கெட்டக்கா பதில் சொல்லவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவினார். நாற்காலி முனகியது. பேனாவைத் தட்டப்போன அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஹெட்போனோடு மூலையில் உட்கார்ந்திருந்த கத்தரிக்கே தர்மசங்கடமாகிச் சுவரைப் பார்த்தாள். அப்புறம்தான் அவர், "போட்டேன்" என்றார்.

அதன் பிறகு விவரம் சொன்னார். மாற்றுக் கடை கொடுத்துவிட்டுத்தான் கை வைப்போம் என்று ஆணையர் வாக்குக் கொடுத்தார், அந்த நிதி வந்தால் மழைக்காலத்தில் மிதக்கிற தெருவுக்கு வடிகால் கிடைக்கும் என்றும் ஆசை காட்டினார், நம்பி ஏமாந்தேன், இரண்டாவது கட்டத்துக்கு எதிராகத்தான் என் ஓட்டு. சொல்லிவிட்டு, டீயைக் குடித்து, கிளாஸைத் தானே கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

கத்தரி வேலைக்கு உட்கார்ந்தாள். கோட்டைக் கண்டாள், வெட்டினாள். வெட்டின இடத்தில் தையல் தெரியாமல் இருக்க, ஆள் பேசாத அறையின் சத்தத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்து ஒட்டுப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். இத்தனை நீளமான மௌனம் லேசில் கிடைக்காது என்பதால் வெட்டியதை எறிய மனம் வராமல் 'ஒட்டு' என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டாள். பிறகு ஓட விட்டுக் கேட்டாள். கேள்வி முடிந்த மறுகணமே, "போட்டேன்." என்ன திமிர் இந்தம்மாவுக்கு என்று தோன்றியது. அந்தத் திமிர் தன் விரல் செய்தது என்றும் தெரிந்தது. தெரிந்துதான் அப்படியே விட்டாள். காரணம், கேட்க நன்றாக இருந்தது.

அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் அண்ணன் தனியாக நறுக்கி வெளியிட்டான். மறுநாளே நகரம் முழுக்க அதுதான். யாரோ தாளம் சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "வீட்டுப்பாடம் போட்டியா?" "போட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடின. டிக்கெட்டக்கா பாலத்தடிக்கு வீட்டுச் சாவிக்கு நகல் எடுக்கப் போனபோது, சாவிக்காரர் தலை நிமிராமல், "மெஷின் ரிப்பேரு" என்றாராம். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். கேட்டவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கத்தரியால் சிரிக்க முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? குறுகுறுப்பு என்றால் ஏதோ எறும்பு ஊர்வது போல என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது சோற்றுக்கும் தொண்டைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிற சமாசாரம்.

அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, அந்தக்கா ரொம்ப நேரம் யோசிச்சுதான் சொன்னாங்க. அத நான் வெட்டிட்டேன். அடுத்த வாரம் ஒரு வார்த்த சொல்லிடலாமே."

"எல்லாருக்கும்தானே வெட்டறோம்? ஒரு சொல்ல மாத்தினியா நீ?"

"மாத்தல. ஆனா..."

"என்ன ஆனா? தேர்தல் வருது. நாம ஒரு இடத்துல கை வெச்சோம்னு நம்ம வாயாலயே சொன்னா, இத்தன வருஷமா சொன்ன உண்மையெல்லாம் பொய்னு ஆக்கிடுவானுங்க. சாவிக்காரருக்காகப் பேச அப்புறம் யாரு இருப்பா? பெரிய சண்டையப் பாரு, கத்தரி."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் கஷ்டம். முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரும்பி வந்து, வேறு யாருடைய இருமலையோ வெட்ட உட்கார்ந்தாள்.

சில வாரம் கழித்து, மாமன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் பகலில் டிக்கெட்டக்கா படியேறி வந்தார். அண்ணன் வீட்டில் இல்லை. கத்தரி கையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்தாள். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தபோது, ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் திட்டவில்லை. உள்ளேயும் வரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி படியிலேயே நின்றார்.

"தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இல்லாட்டி என்ன, நீயே சொல்லிடும்மா. ஊரு திட்டறது எனக்குப் பெரிசில்ல. பஸ்ஸுல சில்லறைக்கு வாங்காத திட்டா? ஆனா உங்க நிகழ்ச்சிய நானும் போட்டுக் கேட்டேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "தம்பி கேட்டப்ப எனக்கு நாக்கே எழும்பலன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். அப்படித்தான் ஞாபகம். கேட்டா, கேள்வி முடியறதுக்குள்ள 'போட்டேன்'ங்கறேன். டிக்கெட் கிழிச்சுக் குடுக்கற மாதிரி. அப்ப எனக்குக் கூச்சமே இல்லாமப் போயிருக்கு பாரேன். பதவில உக்காந்தா மனுஷி இப்படி ஆயிடுவான்னு யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். சொந்தக் குரலையே கேட்டப்புறம் என்ன பண்ண? இனிமே நான் அந்த நாற்காலில உக்காரக் கூடாதும்மா."

கத்தரியின் கையிலிருந்து நுரை சொட்டியது. 'அக்கா, அது நான் வெட்டினது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாடியில் யாரோ கதவு சாத்தினார்கள். பெரிய சண்டையைப் பார் என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் இல்லாதபோது நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கோழைத்தனம் கிசுகிசுத்தது.

"நீங்க நல்லாத்தான் பேசினீங்கக்கா" என்றாள்.

டிக்கெட்டக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலைக் கூட்டம் தொடங்கியதும் மேயர் முதலில் வாசித்தது அவருடைய ராஜினாமாவைத்தான். அதன் பிறகு இரண்டாவது கட்டம் ஓட்டுக்கு வந்தது. சரிசமமாக விழுந்தால் தீர்மானம் தோற்றது என்பது அந்த மன்றத்தின் விதி. ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. எதிரில் விழாமல் போன அந்த ஓட்டு யாருடையது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அண்ணன் கூட்டத்திலிருந்து நேராக மைக்குக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. கண் கலங்கியும் இருந்தது. "எதிர்த்து நிக்க வேண்டிய நேரத்துல ஓடிப்போன கோழைங்களால..." என்று ஆரம்பித்துக் கொட்டித் தீர்த்தான். பேசி முடித்து, தண்ணீர் குடித்து, "சூடு ஆறறதுக்குள்ள போட்டுடு" என்று சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கத்தரி ஹெட்போனை மாட்டினாள். கோழை என்ற சொல் அவளுக்காகவே சொன்னது போலிருந்தது. டிக்கெட்டக்காவின் முழுப் பேட்டியைத் தேடினாள். இல்லை. கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவுகளை அண்ணன் வாராவாரம் அழித்துவிடுவான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் வாலும் கையில் இல்லை. வெறுத்துப்போய் வேலையையாவது பார்ப்போம் என்று, அண்ணன் இருமிய இடத்தை வெட்டி, பழக்கத்தில் 'ஒட்டு' என்ற கோப்பைத் திறந்தாள்.

திரையில் நீளமாக ஒரு கோடு.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரமாக அண்ணனின் முழக்கங்களுக்கு நடுவே, வந்து போன அத்தனை பேரின் வெட்டுகளுக்கும் அடியில், அவள் துண்டு துண்டாக வைத்துத் தைத்தது டிக்கெட்டக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான். அந்த அம்மாளைத் திட்டின நிகழ்ச்சியையும் அதை வைத்தே தைத்திருக்கிறாள். அந்தக் கோப்பை போனில் ஏற்றி, ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள்.

டிக்கெட்டக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. 'வார்டு கவுன்சிலர்' என்ற பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். கத்தரி உட்காரவில்லை.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க."

அவர் போன் திரையைப் பார்த்தார். "என்ன இது? ஒண்ணும் காணோமே."

"ஒண்ணும் இருக்காது. முழுசாக் கேளுங்க."

ஹெட்போனை அவரே காதில் வைத்துக்கொண்டார். முதலில் புரியாமல் இவளைப் பார்த்தார். பிறகு பார்வை இறங்கியது. விரல் தானாக நாற்காலியின் கையைத் தடவியது. முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நிமிர்ந்தார்.

"பஸ்ஸு" என்றார். "பஸ் ஒண்ணு பிரேக் போடுது. கதவு தெறக்குது. இது உங்க வீட்டு வாசல் ஸ்டாப்பு. அன்னிக்கு இந்தச் சத்தம் கேட்டுச்சும்மா! எழுந்து ஓடிப்போய் இதுல ஏறிடலாமான்னு நெனச்சேன். அப்புறம்தான், சீ, ஓடறதா, ஒத்துக்கோன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாயத் தெறந்தேன்." ஹெட்போனைக் கழற்றினார். முகம் மலர்ந்திருந்தது. தொலைத்த பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்ட முகம் அது. "அப்ப நான் யோசிச்சிருக்கேன். இவ்வளவு நேரம் யோசிச்சிருக்கேன். எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயந்தேபோயிட்டேன் கண்ணு."

"நான்தான் அத வெட்டினேன்க்கா."

"சரி, உன் வேல அது. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவர் முகத்தில் அந்த மலர்ச்சி அப்படியே நின்றிருக்கும். கத்தரியின் தலை ஆடவில்லை.

"வெட்டும்போதே தெரியும்."

"நேத்து படியில வந்து நின்னேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

டிக்கெட்டக்கா ஹெட்போனை மடியில் வைத்தார். அதன் கம்பியை மெதுவாகச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"நேத்து அந்த ராஜினாமாக் காகிதம் என் பைக்குள்ளதாம்மா இருந்துச்சு" என்றார். "அப்ப இன்னும் குடுக்கல."

தூரத்தில், பாலத்துப் பக்கம், மாநகராட்சி லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. கத்தரி, இதை ஊரறியச் சொல்கிறேன், என் குரலிலேயே சொல்கிறேன், அண்ணன் துரத்தினாலும் சொல்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். "சொல்லு. சொல்லாம விட்டுடாத" என்றார் அவர். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை. கத்தரியும் எதையும் சொல்லி அந்த இடத்தை நிரப்பவில்லை; கிளம்பிப் போகவுமில்லை, அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.