சம்பந்தியோடு சைக்கிளில்

மிர்வலி துப்பிய எச்சில் காற்றோடு வந்து ஹம்தமின் கன்னத்தில் அப்பியது. பச்சை எச்சில். நாக்குக்கடியில் நஸ்வாய்ப் புகையிலையை அடக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் சைக்கிள் மிதித்தால் பின்னால் வருகிறவன் கதி இதுதான். சே, என்ன மனுஷன்! ஹம்தம் கன்னத்தைத் தோள்பட்டைச் சட்டையில் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க வேர்வையோடு கலந்து அந்த நாற்றம் முகமெல்லாம் பரவியது. வேறு எவனாக இருந்தாலும் வண்டியை நிறுத்தி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பான். முன்னால் போகிறவன் சம்பந்தி ஆகப்போகிறவன். வாயை மூடிக்கொண்டு மிதித்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹம்தம் வீட்டில் ரொட்டி பிய்ப்பதாக இருந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிய்த்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் மாட்டேன் என்றால் பெண்ணைப் பெற்றவன் தெருவில் தலைகாட்ட முடியாது. மிர்வலியின் மகன் புன்யோத் தங்கமான பையன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹம்தமின் மகள் ஓய்தினுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் புன்யோத்துக்கு வேலை கொரியாவில். கல்யாணமான கையோடு அவன் விமானம் ஏறிவிடுவான், இவள் மாமனார் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் ஓய்தின் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"நான் குடித்தனம் பண்ணப்போறது அவரோட இல்லப்பா, அவங்க அப்பா அம்மாவோட. அவங்க அப்பா எப்படிப்பட்டவர்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா எனக்குச் சரி."

பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன்தானே அம்மா என்று ஹம்தம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள், சேர்ந்து கஷ்டப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். அதனால்தான் வெயிலில் மண்டை பிளக்கும் என்று தெரிந்தும் இந்தப் பயணத்துக்குச் சரி என்றான்.

பயணம் வசந்தத்தில் போவதுதான் வழக்கம். மாதத்துக்கொரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் புலாவ் தின்னும் பள்ளித் தோழர்கள் அவர்கள். தொப்பை குறையட்டும் என்று சில வருஷமாகச் சைக்கிளும் ஓட்டுகிறார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, அவன் வைத்ததுதான் சட்டம், மீறினால் தண்டனை. இந்த வருஷத் தலைவன் மிர்வலி. வசந்தத்தில் அவனுக்குத் தன் மரச்சாமான் கடை வேலை, மேஜை நாற்காலி வாங்க எங்கோ போய்விட்டான். திரும்பி வந்து புதுச் சைக்கிள் ஒன்றை வாங்கினான். அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டுமே! சில்லா என்கிற கோடை உச்சியின் நாற்பது நாளில், நாய்கூட நிழலை விட்டு நகராத காலத்தில், குலிஸ்தானிலிருந்து ஜிஸ்ஸாக்வரைக்கும் போவோம் என்று சட்டம் போட்டான். புத்தியுள்ளவர்கள் மூட்டுவலி என்றார்கள், வீட்டில் விருந்தாளி என்றார்கள். மிஞ்சியது மூன்று பேர். மிர்வலி, ஹம்தம், அப்புறம் முடிதிருத்தும் ஸோகிர். ஸோகிர் யார் கூப்பிட்டாலும் வருவான். வீட்டில் மாமியார் இருக்கிறாள், வெயில் அதைவிட மேல் என்பான்.

அன்று காலை அந்த ஸோகிர் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தான். மிர்வலி உடனே தண்டனை விதித்தான். எல்லோருக்குமான தண்ணீர்க் கேனை ஸோகிர்தான் சுமக்க வேண்டும். பெரிய கேன், நிரம்பத் தண்ணீர். ஸோகிருக்கே மூன்று பேர் கனம், அவன் சைக்கிளோ அவன் மகனுடைய பழைய வண்டி. பின் சக்கரம் அழுத்தத்தில் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஹம்தம் கேனை மாற்றி மாற்றிச் சுமக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். சட்டம் சட்டம்தான் சம்பந்தி என்று மிர்வலி முதுகில் தட்டினான். தட்டிய கையிலும் நஸ்வாய்த் தூள்.

லாரிகள் போகும் பெரிய சாலை வேண்டாம், படம் எடுக்க நன்றாக இராது என்று மிர்வலி அவர்களைக் கால்வாயோரப் பழைய சாலையில் இறக்கினான். மிர்ஸாசோல் சமவெளி. இரண்டு பக்கமும் பருத்தி, நடுவில் இளகிய தார். சக்கரம் அதில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. எதிர்க்காற்று தந்தூர் அடுப்பைத் திறந்து முகத்தைக் காட்டினாற்போல அடித்தது. ஹம்தமின் தொடையிடுக்கு உரசி எரிந்தது, ஈக்கள் வாயோரம் உட்கார்ந்து எழ மறுத்தன. வாய்க்கால் தண்ணீரில் வயலுக்கு அடித்த மருந்து நாறியது, கை நனைக்கக்கூடப் பயமாக இருந்தது.

வழியில் ஒரு பெண் முலாம்பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு கந்தலைக் கூடாரமாகக் கட்டி அதனடியில் உட்கார்ந்திருந்தாள். மிர்வலி ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து, கேட்காமலே கத்தியால் பிளந்து, ஒரு கடி கடித்து, இனிப்பில்லை என்று மிச்சத்தைப் புழுதியில் எறிந்தான். இன்னொன்றையும் அப்படியே. அந்தப் பெண் புழுதியில் கிடந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்தம் அவளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியேறினான். இருந்தாலும், எந்த ஆம்பளைக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம் இல்லை, மருமகளிடம் இப்படியா நடப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானமும் கசந்தது.

உச்சிவெயிலில் கேன் பாதியானதும் மிர்வலி அதைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். ஸோகிர் கண்டபடி குடிக்கிறானாம். இனிமேல் தலைவன் அளந்துதான் கொடுப்பானாம். காலையிலிருந்து மாடு மாதிரி சுமந்தவன் ஸோகிர். அவனுக்குக் கிடைத்தது ஒரு மூடித் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு அவன், "நான் செத்துட்டா அடக்கத்துக்கு லேட்டா வந்தேன்னு அதுக்கும் ஒரு தண்டனை போடுவான் பாரு" என்றான். ஹம்தம் சிரித்தான். ஸோகிர் அன்று பேசிய கடைசி ஒழுங்கான பேச்சு அதுதான்.

கொஞ்ச தூரம் போனதும் கீச்சுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஸோகிர் ரோட்டோரம் குப்புறக் கிடந்தான். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் வறண்டிருந்தது. வாந்தி எடுத்து அதிலேயே கன்னத்தை வைத்திருந்தான். யாருக்கோ முடிவெட்ட வேண்டும், கத்தரியைக் கொடு என்று உளறினான். ஹம்தம் அவனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் போய் வயலோர மல்பெரி வரிசையில் ஒரு மரத்தடியில் கிடத்தினான். தண்ணீர் கொடு என்று மிர்வலியிடம் கை நீட்டினான்.

"தீந்துபோச்சு" என்றான் மிர்வலி. "நான் போய் எங்கயாவது தேடிக் கொண்டாரேன். நீ இவனுக்கு விசிறிக்கிட்டு இரு."

ஹம்தம் தொப்பியால் விசிறினான், சட்டையைக் கழற்றி விசிறினான். ஸோகிரின் உதடு வெடித்து நாக்கு தடித்துக் கிடந்தது. போனவன் வரவில்லை. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஹம்தம் பொறுக்கமாட்டாமல் மர வரிசையோரமாகவே ஓடினான். அதன் முடிவில் பாழடைந்த மோட்டார்க் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நெஞ்சு குளிர்ந்தது.

மிர்வலி புதுச் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். தீர்ந்துபோனதாகச் சொன்ன அதே கேனைச் சாய்த்து, சக்கரத்தில் ஒட்டிய தாரையும் புழுதியையும் கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். செருப்பைக் கழற்றியிருந்தான், காலும் கழுவியாகிவிட்டது. எதிரே கல்லின் மேல் செல்போனை நிறுத்தி வைத்து அதைப் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். நல்ல தண்ணீரும் பச்சை எச்சிலும் ஒரே குட்டையாகத் தேங்கி ஹம்தமின் காலடிவரைக்கும் வந்தது.

பார்த்ததும் மிர்வலி அசடு வழியச் சிரித்தான். "இது வெந்நீராட்டம் கொதிக்குது சம்பந்தி, குடிக்க ஆகாது. ஊருக்குள்ள போறப்ப வண்டி பளபளன்னு இருக்க வேணாமா? அவன் சும்மா நடிக்கிறான்டா, சின்ன வயசுலயே அவன் அப்படித்தான்."

ஹம்தம் கேனைப் பிடுங்கினான். அடியில் கொஞ்சம் இருந்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடி வந்து ஸோகிரின் தலையையும் நெஞ்சையும் நனைத்து, உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டான். மிர்வலி குடிக்க ஆகாது என்ற தண்ணீரை ஸோகிர் கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பிக் குடித்தான்.

பருத்திக் காட்டு டிராக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. ஓட்டுநர் மூவரையும் சைக்கிள்களோடு பின்வண்டியில் ஏற்றிக்கொண்டான். மிர்வலியும் ஏறினான். ஜிஸ்ஸாக் எல்லை வந்ததும் இறக்கிவிடச் சொல்லி, கழுவிய சைக்கிளை இறக்கி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் மிதித்தான். ஹம்தம் பின்வண்டியில் ஸோகிரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். த்தூ என்று துப்பலாம் என்றால் வாயில் எச்சில் இல்லை.

டிராக்டர் ஊருக்குள் ஒரு சாய்கானா, அதாவது டீக்கடை முன்னால் நின்றது. சாய்கானாக்காரர் நல்ல மனிதர். ஸோகிரை மரநிழலில், ஆட்கள் உட்கார்ந்து டீ குடிக்கப் போட்டிருந்த பெரிய கட்டில் ஒன்றில் படுக்கவைத்து ஈரத்துணி போர்த்தி, பக்கத்துத் தெரு நர்சம்மாவை அழைத்து வந்தார். அவள் கையில் ஊசி ஏற்றிப் பாட்டிலைக் கிளையில் தொங்கவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஹம்தமைத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பொழுது சாயும்போது ஸோகிர் கண்ணைத் திறந்து, உப்புப் போட்ட மோரை இரண்டு வாய் குடித்தான்.

மிர்வலியும் அங்கே வந்து சேர்ந்து, அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர்களோடு ஒட்டிவிட்டான். கறி அடைத்துச் சுட்ட ஜிஸ்ஸாக் சம்சா வந்தது, உள்ளங்கையை விடப் பெரியது. கொழுப்பு முழங்கைவரை ஒழுகத் தின்றுகொண்டே கதை சொன்னான். ஸோகிர் விழுந்தானாம், இவன்தான் வெயிலில் அலைந்து தண்ணீர் தேடிக் கொண்டுவந்து உயிரைக் காப்பாற்றினானாம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு தாடிக்காரப் பெரியவர், இப்படியொரு தோழன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஸோகிர் கட்டிலில் படுத்தபடி ஹம்தமைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. நிஜமா என்று கண்ணாலேயே கேட்டான்.

ஹம்தம் எச்சிலைப் பொறுத்தான், முலாம்பழத்தைப் பொறுத்தான். கொட்டகைக்குப் பின்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்குப் போய், மகளிடம் ஏதாவது சாக்குச் சொல்லி, சண்டையில்லாமல் நழுவிவிடலாம் என்றுகூட வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

மிர்வலிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. சாய்கானாக்காரரிடம் சூடான ரொட்டி ஒன்று கேட்டு வாங்கினான். இவன் என் சம்பந்தி ஆகப்போகிறவன், ஞாயிற்றுக்கிழமைவரை எதற்குக் காத்திருப்பது, இத்தனை பெரியவர்கள் சாட்சியாக இங்கேயே பிய்த்துவிடுகிறோம் என்றான். செல்போனைத் தாடிக்காரரிடம் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கொழுப்புக் கையால் ரொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தை நீட்டினான்.

"பிடி சம்பந்தி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹம்தமின் கை தானாக எழுந்து ரொட்டியைப் பிடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இழுத்தால் போதும், பிய்ந்துவிடும். அவன் இழுக்கவில்லை. மிர்வலியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ரொட்டியை முழுசாக வாங்கி, முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, விரிப்பின் மேல் வைத்தான்.

"என்னடா ஆச்சு?" மிர்வலி சிரித்துக்கொண்டே கேட்டான். தாடிக்காரர் செல்போனை இறக்கவில்லை. அது இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு உன் வீட்டுல ஒரு நாள் தண்ணி கேப்பா, மிர்வலி" என்றான் ஹம்தம். "அன்னைக்குக் கேனைப் பிடுங்க நான் பக்கத்துல இருக்கமாட்டேன்."