மிக்கேல்நத்தத்து யூதர்கள்

"உங்க ஊர்ல யூதர் யாராச்சும் இருக்காங்களா?"

இந்த வினாவைப் பிரிஸ்கில்லா செல்லும் ஊரெல்லாம் கேட்பார். யூத வெறுப்பைக் கல்வி நெறிப்படி ஆராயும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் அவர் ஆய்வாளர். யூதரே வாழாத ஊர்களில் யூதரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். புனித வெள்ளியன்று கிறிஸ்துவின் பாடுகளை மேடையேற்றும் பாஸ்கு நாடகங்களைப் பதிவுசெய்யத் தம் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார். அவருடைய தந்தையும் நானும் ஒரே பள்ளியில் பணியாற்றியவர்கள். மிக்கேல்நத்தத்துப் பாஸ்கு ஏட்டைப் பிழைதிருத்தி அச்சுக்குக் கொடுக்கும் வேலையை விழாக்குழு என்னிடம் ஒப்படைத்திருந்தமையால், அவரையும் உடன் அழைத்துச் சென்றேன்.

எல்லா ஊர்களிலும் அந்த வினாவுக்கு "இல்லை" என்பதே விடையாக இருந்ததாம். மிக்கேல்நத்தத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் புஷ்பமேரி அம்மாள் காப்பித் தம்ளரை எங்கள் முன் வைத்துவிட்டு, சிறிதும் தயங்காமல் விடையளித்தார்.

"இல்லாம என்ன? கீழத்தெரு பூராவும் யூதருதானே!"

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என் நெஞ்சைச் சுட்டது.

அவ்வூரில் கோயில் ஒன்று. கல்லறைத் தோட்டம் இரண்டு. மேலத்தெருச் சாதியினருக்கு ஒன்று, கீழத்தெருச் சாதியினருக்கு ஒன்று. பாஸ்கு மேடையிலும் அதே வேலிதான். இயேசு, மரியாள், பன்னிரண்டு சீடர், ரோமானிய ஆளுநர் பிலாத்து ஆகிய வேடங்கள் மேலத்தெருவுக்கு உரியவை. "சிலுவையில் அறையுங்கள்" என்று கூச்சலிடும் யூதர் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கீழத்தெருவின் பங்கு. மேடையில் ஒட்டிய பெயர் மேடையோடு நிற்கவில்லை. சின்னாளபட்டிக்குச் செல்லும் மினி பஸ்ஸில், பள்ளிக்கூட வரிசையில், கிணற்றடியில், கீழத்தெருக்காரரை வைவதற்குரிய சொல்லாகவே "யூதன்" நிலைத்துவிட்டது. சாதிப் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். இதற்கு எந்த வழக்கும் இல்லை. கண்ணால் காணாத ஓர் இனத்தின் மீது கொண்ட வெறுப்பை எடுத்துக் கண்ணெதிரே வாழும் மனிதர்மீது பூசுவதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

புனித வெள்ளிக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் ஒத்திகை கோயிலின் பங்கு மன்றத்தில் நடந்தது. நானும் பிரிஸ்கில்லாவும் சென்றிருந்தோம். விழாக்குழுத் தலைவர் செபஸ்தியான், திண்டுக்கல்லில் இரும்புப் பெட்டிகள் விற்கும் கடை வைத்திருப்பவர், வேடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துக்கு வழக்கம்போல அந்தோணிமுத்துவும் அவரு ஆளுகளும்" என்றதும், பின்வரிசையிலிருந்து அந்தோணிமுத்து எழுந்தார். நாற்பது வயதுக் கொத்தனார். அவ்வளவு பெரிய மன்றத்தில் ஒலிபெருக்கி வேண்டாத குரல் அவருக்கு. அதனாலேயே கூட்டத்தின் தலைவனாக ஆண்டுதோறும் அவரை நிறுத்துவார்கள்.

"நாங்க இந்தத் தடவ கூட்டத்துக்கு வரல, தலைவரே."

"ஏலே, என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்ல. எம்மக ரூபிய பஸ்ல 'யூதச்சி, தள்ளி நில்லு'ங்குறாய்ங்க. எட்டாப்புப் படிக்குற புள்ள. பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன்னு ஒக்காந்துருச்சு. 'இயேசுவக் கொன்ன பழிய எங்க புள்ளைக தலையிலயும் போடு'ன்னு மேடையில வருசா வருசம் கத்துறது நாந்தான? எம்புள்ள தலையிலயே வந்து விழுந்துருச்சு."

"சின்னப் புள்ளைக வெளையாட்டுக்குச் சொல்றத எல்லாம் இங்க தூக்கிக்கிட்டு வாரியே அப்பு. இது நாடகம்யா."

"சரி, நாடகம்னே வச்சுக்குவோம்." அந்தோணிமுத்து பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். "படிச்சவுக நீங்க சொல்லுங்கம்மா, இயேசு என்ன சாதி?"

"அவரு யூதர்ங்க" என்றார் பிரிஸ்கில்லா. "மாதாவும் யூதப் பெண்தான். பன்னிரண்டு சீடரும் யூதருதான்."

"கேட்டுக்கிட்டீகளா? யூதரு பூராவும் எங்க தெருன்னு நீங்கதான சொல்றீக? அப்ப இயேசுவும் எங்க ஆளு, சீடருல தலையான பேதுருவும் எங்க ஆளு. நாங்க ஒண்ணும் பேராசைப்படல. இயேசுவ நீங்களே வச்சுக்கங்க. பேதுருவோட அங்கிய மட்டும் எங்கிட்டக் குடுங்க. எம்மக பாக்கணும்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. மேலத்தெரு வரிசைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

செபஸ்தியானின் சினம் பிரிஸ்கில்லாவின்மேல் திரும்பியது. "ஏம் பாப்பா, இதுக்குத்தான் வந்தியா? அங்க அந்த யூதருக குண்டு போட்டுச் சனத்தக் கொல்றாக, டிவியில தெனமும் பாக்குறோம். நீ அவுககிட்டச் சம்பளம் வாங்கிக்கிட்டு அவுகளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்ட!"

"நான் எந்த அரசாங்கத்துக்கிட்டயும் சம்பளம் வாங்கலண்ணே. குண்டு போடுற அரசாங்கத்த நீங்க தாராளமாத் திட்டுங்க, நானும் திட்டுறேன். ஒரு சனத்தையே, பொறந்த புள்ள உட்பட, கொலைகாரங்கன்னு சொல்றது வேற. அப்படி ஆயிரம் வருசமாச் சொல்லிச் சொல்லித்தான் கடைசில ஐரோப்பாவுல அறுபது லட்சம் யூதரக் கொன்னாங்க. அந்தச் சொல்லு எப்படி ஊர் ஊராப் போகுதுன்னு பாக்குறதுதான் எங்க வேலை. இங்க அது எங்க வந்து நிக்குதுன்னு இப்பத்தான் பாத்தேன்."

இடமாற்றலில் வந்து இரு மாதமே ஆகியிருந்த பங்குச்சாமியார், "ஒற்றுமையாகச் செய்யுங்கள்" என்று ஆசி வழங்கிவிட்டுக் கைப்பேசியோடு வெளியேறினார். ஒற்றுமை! அநீதிக்கு உள்ளானவனை அமைதியாக இருக்கச் சொல்வதற்கு நம் நாட்டில் வழங்கும் சொல் அது.

ஒரு வாரம் கழித்துச் செபஸ்தியான் என் இல்லத்திற்கு வந்தார். வழியில் வாங்கிய பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று கையில் இருந்தது. பிரிஸ்கில்லாவும் அப்போது அங்கிருந்தார்.

"சார், கமிட்டி பேசி முடிச்சிட்டோம். ஏட்டுல 'யூதர்'னு வர்ற எடத்துல எல்லாம் 'கூட்டத்தார்'னு போட்டுருங்க. அந்தப் பழி வசனத்தையும் எடுத்துருங்க. பாப்பா, ஒங்க நிறுவனத்துலேருந்து எங்க கமிட்டியப் பாராட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துரு. கோயில்ல மாட்டிருவோம்."

"நல்லதுண்ணே. கூட்டத்தார் யாரு?" என்று கேட்டார் பிரிஸ்கில்லா.

"யாருன்னா?"

"யாரு நடிப்பாங்க?"

"அது வழக்கம்போலத்தான்."

"பேதுரு?"

"அதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் வர்ற வேசம் தாயி. மாத்த முடியாது."

"அப்ப பேர மட்டும் மாத்திட்டு ஆள அப்படியே விட்டுட்டீங்க. சர்டிபிகேட் எல்லாம் இல்லண்ணே. நீங்க சொன்னத அப்படியே அறிக்கையில எழுதுறேன்."

செபஸ்தியான் சென்ற பிறகு, திருத்தி முடித்திருந்த ஏட்டை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் திருத்தியாகிவிட்டது. எழுத்தில் இனி ஒரு பிழையும் இல்லை. அந்த ஏட்டைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

புனித வெள்ளியன்று வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் மக்கள் டிராக்டர்களில் வந்து மைதானத்தை நிறைத்திருந்தனர். கீழத்தெருவினர் சண்டைக்கு வரவில்லை; கோயிலைப் புறக்கணிக்கவும் இல்லை. துவைத்த உடையுடன் வந்து, மேடைக்கு நேர் எதிரே தரையில் வரிசையாக அமர்ந்தனர். அந்தோணிமுத்துவின் மடியருகே ரூபி இருந்தாள். பிறந்தது முதல் அவ்வூரில் வாழும் அந்த மனிதர், நாடகத்தை முன்னிருந்து பார்ப்பது அதுவே முதல் முறை.

தம் காட்சி வந்ததும் மேடையேறிவிடுவார்கள் என்றே செபஸ்தியான் இறுதிவரை நம்பியிருக்க வேண்டும். காலங்காலமாக ஏறியவர்கள் அல்லவா?

பிலாத்து வேடமிட்ட பிரின்ஸ், செபஸ்தியானின் மகன், அரியணையிலிருந்து எழுந்து கையை நீட்டினான். "இவனை நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

அவன் கை நீட்டிய திசையில் காலி மேடைதான் இருந்தது.

"என்ன செய்ய வேண்டும்?" என்றான் மீண்டும். இயேசு வேடத்தில் முட்கிரீடத்தோடு நின்ற சார்லஸ் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தான். மைதானத்தின் பின்புறத்திலிருந்து ஒருவர், "விட்டுருங்கப்பா, பாவம்!" என்று கத்தினார். சிரிப்பு அலையாகப் பரவியது. "ஆமா, விட்டுரு! வீட்டுக்குப் போவட்டும்!"

அணைக்க மறந்த ஒலிவாங்கியில், திரைக்குப் பின்னால் செபஸ்தியான் பதறுவது ஊருக்கே கேட்டது. "ஏறுங்கடா எவனாச்சும்! மானம் போவுது!" எவரும் ஏறவில்லை. யூதனாக நிற்க மேலத்தெருவில் ஒருவருக்கும் மனமில்லை.

இறுதியில் அவரே ஏறினார். வெள்ளை வேட்டி, விழாக்குழுத் துண்டு, நெஞ்சில் தலைவர் பட்டை. குழு உறுப்பினர் நால்வரும் வேறு வழியின்றி அவர்பின் ஏறினர். முஷ்டியை உயர்த்தி, தொண்டை நரம்பு புடைக்க, "அறையுங்கள்! சிலுவையில் அறையுங்கள்!" என்று முழங்கினார். நால்வரும் முழங்கினர். சில நொடிகளில் நாற்காலி வரிசைகளில் இருந்த மேலத்தெருப் பெரியவர்களும் எழுந்து நின்று சேர்ந்துகொண்டனர். நாடகத்தைக் காப்பாற்றத்தான் அவ்வாறு செய்தார்கள். ஆயினும் அந்த முகங்களை நான் பார்த்தேன். அந்த வசனத்தை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, ஒத்திகையும் இல்லை. கீழத்தெருவினர் அத்தனை ஆண்டுகள் கத்தியும் வராத வெறி ஒரே மூச்சில் வந்தது.

பிரிஸ்கில்லாவின் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் செபஸ்தியான் மேடையிலிருந்து இறங்கினார். வியர்வை வழியும் முகத்துடன் நேரே அந்தோணிமுத்துவிடம் சென்றார். நானும் பின்தொடர்ந்தேன்.

"இப்பத் திருப்தியாலே? ஊரு முன்னாடி நானே யூதனா நின்னாச்சு. அடுத்த வருசம் அந்தக் காட்சியவே தூக்கிரச் சொல்லிட்டேன். கூட்டமே கெடையாது. ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல. சரியா?"

பேதுருவின் அங்கியை ஒருவனுக்குக் கொடுப்பதைவிட, வேதத்திலிருந்து ஒரு பக்கத்தையே கிழித்தெறிவது எளிதாகப் படுகிறது இவர்களுக்கு! என் நாவில் எழுந்த சொற்களை அச்சேற்ற முடியாது.

அந்தோணிமுத்து எழவில்லை. தலைவர் நின்றிருக்க, அவர் அமர்ந்தவாறே அண்ணாந்து பார்த்தார். அதையே மன்னிக்க முடியாத குற்றமாகப் பலர் பின்னர் பேசிக்கொண்டனர்.

"காட்சிய நீங்க வைங்க, எடுங்க, அது ஒங்க இஷ்டம் தலைவரே. நான் கேட்டது அது இல்லையே."

"பெறகு என்னதான்யா வேணும் ஒனக்கு?"

"பேதுரு அங்கி. என் அளவுக்குத் தச்சாப் போதும்."

செபஸ்தியான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். ரூபி தந்தையின் தோளைத் தொட்டு, "தருவாகளாப்பா?" என்று கேட்டாள்.

"தரமாட்டாக" என்றார் அந்தோணிமுத்து. "கேட்டுக்கிட்டே இருப்போம். நாளைக்கு நீ பள்ளிக்கூட டிரெஸ்ஸத் தொவச்சுப் போடு. திங்கக்கெழம நானும் ஒங்கூட அந்தப் பஸ்ல வாரேன்."