படுதா போட்ட லோடு

உத்திராபதிக்கு லாரி ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்தபோது வயது நாற்பத்தொன்பது. டிரைவிங் ஸ்கூலில் கூடவே கற்றுக்கொண்ட பையன்கள் அவனை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு முன்பு கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் பார்த்தான். எப்போதும் நைட் ஷிப்ட். ஒரு நாள் ஷிப்டின் பாதியில் எழுந்து கேட்டைத் தாண்டி வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் கிடையாது. பகலில் தூக்கம் வராமல் போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அவன் போட்ட கணக்கு எளிமையானது. இந்த ஜில்லாவில் லோடு சீசன் சீசனாக வரும். தையில் நெல், மாசியில் கரும்பு, சித்திரையில் முந்திரி, வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும் பலா. சீசன் சூடுபிடித்தால் முதலாளிகளுக்கு டிரைவர் பஞ்சம். அப்போது வயசைப் பார்க்க மாட்டார்கள். ஒரு சீசனில் காலை ஊன்றிக்கொண்டால் அடுத்ததற்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

கரும்பு சீசனில் ஆக்டிங் டிரைவராகப் போனான். ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது நிஜ டிரைவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். வண்டியை ஒவ்வொரு லாரி நீளமாக முன்னால் நகர்த்துவதுதான் அவன் வேலை. அந்த சீசன் முழுக்க அவன் கியர் இரண்டைத் தாண்டவில்லை.

அவன் மனைவி ஜெயராணி இதையெல்லாம் வேலை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தம்பி ராஜமாணிக்கம் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தான். அக்காவுக்காக யார் யாரிடமோ பேசி மாமாவுக்கு ஒரு வாட்ச்மேன் வேலை பிடித்து வைத்திருந்தான். அதுவும் நைட் ஷிப்ட்தான். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு.

அதே நாளில்தான் பண்ருட்டி சுப்புராயன் உத்திராபதியிடம் சாவியைக் கொடுத்திருந்தார். பலா மண்டி வைத்திருப்பவர். சொந்தமாக ஒரு பழைய ஈச்சர் லாரி. அவருடைய டிரைவர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான். லோடு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சீசன் முடியும்வரை வண்டி உத்திராபதிக்கு, இல்லையென்றால் வேறு ஆள் என்பது பேச்சு. பலாக்காயைக் கடலூர் முதுநகரில் கொஞ்சம் இறக்கிவிட்டு மீதியைச் சிதம்பரத்தில் தைலம்மாள் மண்டியில் இறக்க வேண்டும். சிதம்பரத்தில் அன்று ஆனித் தேர்.

"கூட்டம் ஏறுறதுக்குள்ள உள்ள பூந்துடு. பத்து மணிக்கு மேல பெரிய வண்டிய போலீஸ்காரன் வுடமாட்டான்," என்றார் சுப்புராயன். லோடை மூடும் படுதா சீட்டுக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது.

முதுநகர் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அங்கே இறக்கிவிட்டு சிதம்பரம் ரோட்டில் சிப்காட்டைத் தாண்டும்போது மழை பிடித்தது. பழைய கம்பெனியின் கேட்டுக்கு எதிரிலேயே வண்டியை ஓரம் கட்டினான். அந்த கேட்டில் படுதா போடாத லாரியை வெளியே விட மாட்டார்கள். வருஷக்கணக்காகப் பார்த்த காட்சி அது. முதலில் படுதா, அப்புறம் குறுக்குக் கயிறு, கடைசியில் செக்யூரிட்டி சுற்றி வந்து இழுத்துப் பார்ப்பான். உத்திராபதி நனைந்துகொண்டே ஏறி, காற்று புகாத அளவுக்கு இழுத்துக் கட்டினான். தனி ஆளாகக் கட்டியதில் நேரம் போனது. ஆனாலும் கயிற்றை அவனே சுற்றி வந்து இழுத்துப் பார்த்தான். திருப்தியாக இருந்தது.

சிதம்பரம் பைபாஸ் முனைக்கு வந்தபோது தடுப்பு வைத்துவிட்டார்கள். தேர் நிலைக்கு வந்தால்தான் பெரிய வண்டிக்கு வழி என்று போலீஸ்காரர் சொன்னார். அதற்குச் சாயங்காலம் ஆகலாம். முன்னால் வரிசையாக லாரிகள். மழை ஓய்ந்து, அதற்கு ஈடு கட்டுவதுபோல வெயில் அடித்தது.

மறுபடியும் வரிசையில் நிற்கிறோம் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தான். உச்சிவேளை தாண்டி ஒரு வாசனை வந்தது. முன்னால் செங்கல் லோடு ஏற்றி நின்ற வண்டியின் டிரைவர் இறங்கி வந்து மூக்கை உறிஞ்சினான்.

"இன்னா பெருசு, பழம் வெட்றியா? எனக்கு ரெண்டு சொள குடு."

உத்திராபதிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வீட்டில் மட்டுமில்லை, பண்ருட்டிப் பக்கம் எல்லா வீட்டிலும் காய் சீக்கிரம் பழுக்க ஈரக் கோணியில் சுற்றி வெயிலில் போடுவார்கள். சின்ன வயதிலிருந்து அவன் கையாலேயே எத்தனையோ காயைச் சுற்றியிருக்கிறான். அதையேதான் இன்று ஒரு லாரி லோடுக்கும் செய்து வைத்திருந்தான்.

"படுதா போட்டியா? பலாவுக்கா?" செங்கல் வண்டிக்காரன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா கட்டியிருக்க பெருசு. எந்த ஊரு வேல இது?"

உத்திராபதி கயிற்றை அவிழ்த்தான். படுதாவை இழுத்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மேல் அடுக்கு தாங்கிவிடும். நடுவில்தான் வெந்துகொண்டிருந்தது. பின் பலகையை இறக்கி, காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புளியமர நிழலில் வைத்தான். பழுத்தது ஒரு பக்கம், தாங்குவது ஒரு பக்கம். நடுவில் காற்று போக வழி விழும்வரை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தான்.

லோடு ஏற்றுகிறவர்கள் பலாவைத் தொடுமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். இவனிடம் எண்ணெய் இல்லை. காம்புப் பால் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டியது. முள் குத்திய இடத்தில் பிசின் ஏறி எரிந்தது. இடுப்பு விட்டுப்போனது. செங்கல் வண்டிக்காரன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். சுளைக்காகத்தான் செய்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னான்.

போன் அடித்தது. ராஜமாணிக்கம். உத்திராபதி பிசின் கையோடு எடுத்தான்.

"மாமா, சாயங்காலம் ஆவப்போவுது. மேனேஜர் கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?"

உத்திராபதி நிழலில் கிடந்த காய்களைப் பார்த்தான். லோடு ஒழுங்காகப் போய்ச் சேரப்போவதில்லை. சுப்புராயன் வேறு ஆளைத்தான் பார்ப்பார். இந்த வாட்ச்மேன் வேலையையும் விட்டால் கையில் எதுவும் இல்லை. இதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"வேற ஆளப் போட்டுக்க மச்சான்."

"அக்கா கேட்டா?"

"நானே சொல்லிக்கறேன்."

போனைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்சம் பிய்க்க வேண்டியிருந்தது.

தேர் நிலைக்கு வந்து தடுப்பை எடுத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காய்களை மறுபடி காற்று போகும்படி அடுக்கிக்கொண்டு கிளம்பினான். தைலம்மாள் மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பருத்த பெண்மணி. லாரி நிற்கும் முன்பே பழ வாசனையில் முகம் மாறியது. இறக்கிய காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். யார் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். மழையைச் சொல்லலாம், போலீஸைச் சொல்லலாம்.

"படுதா போட்டுட்டேம்மா. நான்தான்."

தைலம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பழுத்ததை நாளைக்குத் தரிசனக் கூட்டத்துக்குச் சுளையாக விற்றுத் தள்ளிவிடலாம், ஆனால் வாரம் பூராவும் வர வேண்டிய சரக்கில் ஓட்டை விழுந்துவிட்டது என்றாள். வழியில் பிரித்துப் போடாமல் இருந்திருந்தால் மொத்தமும் கூழாகியிருக்கும் என்றும் சொன்னாள். பிறகு சுப்புராயனுக்குப் போன் போட்டு, சரக்கில் விழுந்த ஓட்டையை மட்டும் சொன்னாள். போன் கைமாறியது.

"நாளையிலேருந்து வராத," என்றார் சுப்புராயன். அவ்வளவுதான் பேசினார்.

உத்திராபதி வண்டியைப் பண்ருட்டியில் கொண்டுபோய் விட்டான். வீட்டில் நடந்ததைச் சொன்னான். ஜெயராணி திட்டவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது அவன் போய் நின்றான். சுப்புராயன் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வராதன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

அவன் லாரிக்குப் போய்ச் சீட்டுக்குப் பின்னால் இருந்த படுதாவை இழுத்து எடுத்துவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டான். கைப்பையிலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"படுதாவ இங்க வச்சிட்டுப் போறேன். எண்ணய எடுத்துக்கினு போறேன்."

"போறியா? யாரு போவச் சொன்னது?" சுப்புராயன் வாசலைப் பார்த்தார். வேறு ஆள் யாரும் வந்து நிற்கவில்லை. சீசன் உச்சத்தில் யார் வருவார்கள்? "மழ வந்தா இன்னா பண்ணுவ?"

"நனையட்டும். பலாவுக்குச் சளி புடிக்காது."

மேலே காய் அடுக்கிக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். சுப்புராயன் சிரிக்கவில்லை. சாவியை மேசைமேல் தள்ளினார்.

"இன்னைக்கு மட்டும்."

உத்திராபதி சாவியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கும் வருவேன்," என்றான்.