வாத்து வழக்கில் நான் சொன்ன சொல்

இல்லை, நான் சொல்ல வந்தது தக்காளிச் சண்டை இல்லை. அது காலையிலேயே, பூங்காவின் வாசலைத் தாண்டியதுமே முடிந்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சாங் வம்சத்து விருந்து என்று பெரிதாகப் பலகை மாட்டிவிட்டு, தக்காளியும் முட்டையும் வதக்கித் தட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். தக்காளி கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே அந்த வம்சமெல்லாம் அழிந்து சில நூறு ஆண்டுகள் ஆன பிறகுதான். அதைக் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"இதுகூடத்தான் அப்ப கெடையாது. இதையும் இங்க வச்சிட்டுப் போங்க, சுத்தமான சாங் காலத்து ஆளாயிடுவீங்க."

பக்கத்தில் நின்ற டுவான் சாங்ஹெ சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு தட்டு வாங்கினார்.

டுவான் சாங்ஹெ எனக்கு யார் என்பதுதான் சிக்கலே. ஜெங்ஜோவில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அம்மாவுக்குச் சிநேகிதராகி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்து, எங்கள் வீட்டுக் குழாய், சன்னல், என் சைக்கிள் என்று எல்லாவற்றையும் சரி செய்து முடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அப்பா' என்ற சொல் எனக்கு ஒரு ஆளோடு போய்விட்டது. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அவரைப் புதைத்தோம். சித்தப்பா என்றாவது கூப்பிடேன் என்பாள் அம்மா. ஆனால் எங்கள் ஊரில் காவலாளி சித்தப்பா, காய்கறிக்காரர் சித்தப்பா, பஸ் ஓட்டுகிறவரும் சித்தப்பா. என் பரீட்சை நாளில் மழையில் குடையோடு பள்ளி வாசலில் நின்ற ஆளுக்கும் அதே சொல்லா? அதனால் செருமுவேன். மேஜையைத் தட்டுவேன். "இங்க பாருங்க" என்பேன்.

போன வாரம் அம்மா மாவு பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். கல்யாணப் பதிவுக்கு நாள் பார்க்கலாம் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றிருக்கிறார். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காத வீட்டில் வந்து உட்கார மாட்டேன் என்றாராம்.

"பிடிக்கலன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"பிடிச்சிருக்குன்னும் சொல்லலையே. வாயத் தொறந்து ஒரு தடவ அந்த மனுஷன எதாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கியா நீ?"

சாங் காலத்து நகரத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிற கைஃபெங் பூங்காவுக்கு அவரே டிக்கெட் எடுத்திருந்தார், எனக்குச் சாங் காலம் என்றால் பைத்தியம் என்பதற்காக. அம்மாவுக்கு அன்று கேன்டீனில் வேலை. நாங்கள் இருவர் மட்டும். திரும்பி வந்த பிறகு முடிவைச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருப்பதாகவும், இதையெல்லாம் எனக்குச் சொன்னதை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் அம்மா சொன்னாள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சொல்ல ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான்.

ஆக, நான் முழு வேஷத்தில். இளம்பச்சை மேலங்கி, நீளப் பாவாடை, கொண்டையில் பட்டுப் பூ. அவர் காலர் வைத்த பனியனில், கையில் தேநீர்க் குடுவையோடு. வழியெல்லாம் நான் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே போனேன். சோளம் சுடுகிறார்கள், சோளம் கிடையாது. மிளகாய் மாலை தொங்குகிறது, மிளகாய் கிடையாது. வறுத்த சர்க்கரைவள்ளி, அதுவும் கிடையாது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். சும்மா இல்லை, கேட்கவும் செய்தார். மிளகாய் இல்லாமல் காரத்துக்கு என்ன செய்தார்கள்? மிளகும் இஞ்சியும் என்றேன். மூன்று மாடி மதுக்கடை என்கிறாயே, ஜாடிகளை மேலே எப்படி ஏற்றினார்கள், கப்பி கட்டியா, தோளில் சுமந்தா? அது எனக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் தலையைத் தூக்கி அந்த மரக் கட்டடத்தின் உத்தரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைந்த மரப்பாலத்தில் தொலைந்துபோனோம். கல்யாண ஊர்வலம் ஒன்று, மேளம் அடித்துக்கொண்டு நடுவில் புகுந்தது, நான் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். கூட்டம் கலைந்து பார்த்தால் அவர் பாலத்தின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எக்கி எக்கித் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும், திரும்பிவிடுவார். "ஹலோ" என்று கத்தினேன். பாதிப் பாலம் திரும்பியது, அவர் திரும்பவில்லை. "இங்க பாருங்க" என்றேன். களிமண் பொம்மைகள் விற்கிற ஆள் ஆசையாகப் பார்த்தான். கடைசியில் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

"கூப்பிட்டேன்."

"கேக்கலையே."

குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி, ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டுமானால் சீக்கிரமே கிளம்பலாம் என்றார். இல்லை, வழக்கு மன்றம் பார்க்காமல் போகக் கூடாது என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போய் என்ன கிழிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வழக்கு மன்றத்தில் பார்க்க வந்தவர்களையே மேடையேற்றி நடிக்க விடுவார்கள். எழுத்தர் வேஷம் போட்ட பெண் கூட்டத்தில் தேடி, சிரிக்காமல் நிற்கிற முகமாகப் பார்த்து, நீதிபதி வேஷத்துக்குச் சாங்ஹெயைப் பிடித்துவிட்டாள். அவர் மறுக்க மறுக்கச் சிவப்பு அங்கியை மாட்டி, இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குச் சிறகு நீட்டிய கறுப்புத் தொப்பியைத் தலையில் அமுக்கினார்கள். உட்காரத் திரும்பும்போது ஒரு சிறகு பக்கத்தில் தடியோடு நின்ற காவலன் வேஷக்காரன் கன்னத்தில் அடித்தது. கூட்டம் ஆரவாரித்தது. அடுத்தது வாத்தைப் பறிகொடுத்த பெண் வேண்டும். நான் ஏற்கெனவே வேஷத்தில் நிற்கிறேன், என்னை விடுவார்களா? வாத்தைத் திருடியவனாக, காதுவரை சிவந்துபோன ஒரு கல்லூரிப் பையன்.

எழுத்தர் பெண் வசன அட்டையைத் தூக்கிக் காட்டினாள். மண்டியிட்டு, நீதிபதியைப் பார்த்து நான் சொல்ல வேண்டியது: 'தாரென், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது.'

இந்தத் 'தாரென்' உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராஜா காலத்துத் தொடர் எதைப் போட்டாலும் வருகிற சொல். அதிகாரி வந்தால் தாரென், நீதிபதி என்றால் தாரென், பெரிய மனிதரே என்கிற மாதிரி. ஆனால் சாங் காலத்தில் அது அதிகாரிக்கு உரிய சொல்லே இல்லை. அவர்களைப் பதவிப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தாரென் என்பது வீட்டுக்குள் புழங்கின சொல். பிள்ளைகள் தங்கள் அப்பாவைக் கூப்பிட்ட சொல். இதைப் பற்றிக் குளிர்காலத்தில் ஒரு வீடியோகூடப் போட்டேன், சளியோடு. நூறு பேர்கூடப் பார்க்கவில்லை.

தக்காளியை விட இது பெரிய தப்பு. கை தூக்கிச் சொல்லியே இருக்க வேண்டும். எழுத்தர் பெண்ணுக்கும் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்கிறது.

"என்னக்கா, வசனத்துல எதாவது தப்பா?" என்று கிசுகிசுத்தாள்.

மேஜைக்குப் பின்னால் சாங்ஹெ ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பி கொஞ்சம் கோணியிருந்தது. நெற்றியில் வியர்வை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். மண்டியிட்டேன். ஒரு தடவை செருமினேன், இந்தத் தடவை செருமியதோடு நிறுத்தவில்லை.

"தாரென்" என்றேன். பிறகு மிச்ச வசனம் மறந்துபோனது.

கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், எனக்குக் காதில் ஏறவில்லை. அவருக்கும் ஒரு வசனம் இருந்தது, 'உன் குறையைச் சொல்' என்று, அட்டையில் பெரிய எழுத்தில். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை.

"எந்திரி" என்றார். "தரையெல்லாம் ஈரமா இருக்கு."

கூட்டம் சிரித்தது. காவலர்கள் தடியைத் தட்டி அடக்கினார்கள். எழுத்தர் பெண் சமாளித்து வழக்கை ஆரம்பிப்பதற்குள் அவர் நீதிபதிக்கான மரக்கட்டையை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "வாத்து இந்தப் பொண்ணோடது."

"ஐயா, இன்னும் சாட்சிய விசாரிக்கல" என்றாள் அவள்.

"வேண்டாம். விசாரிச்சாச்சு."

கல்லூரிப் பையன் தனக்கும் நியாயம் வேண்டும் என்று அழுதான், நன்றாகவே நடித்தான். யாரும் கேட்கவில்லை. துணி அடைத்த வாத்தை என் கையில் திணித்து, படம் எடுத்து, அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து வாதுமைக் கஞ்சிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தொப்பி அழுத்திய கோடு அவர் நெற்றியில் சிவப்பாக இருந்தது. அவர் கஞ்சியைக் கலக்கினார், கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தே கேட்டார்:

"இந்தக் கோர்ட்டுல ஒண்ணும் தப்பு கண்டுபிடிக்கலையா நீ?"

எல்லாவற்றிலும் நொட்டை சொல்லிக்கொண்டு வந்தவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று சாதாரணமாகக் கேட்டாரா, வேறு எதையாவது கேட்டாரா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இல்ல" என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"ம்" என்றார். ஸ்பூனை வைத்தார். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் போன் போட்டார். பூங்காவின் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டது: "செவ்வாக்கிழம லீவு சொல்லிடு. பதிவு ஆபீசுக்குப் போயிட்டு வந்துடலாம்."

இப்போது ரயிலில் உட்கார்ந்துதான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து இருக்கையில் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். என் வீடியோக்களை அவர் பார்ப்பாரா என்பதே எனக்குத் தெரியாது, அந்த ஆப் அவர் போனில் இருக்கிறதா என்றும் தெரியாது. எழுப்பிக் கேட்கலாம். ஆனால் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்தச் சொல்லுக்கு நானே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றும் தெரியாமல் வெறும் நாடகத்துக்காகவா ஒரு மனிதர் செவ்வாய்க்கிழமை லீவு போடச் சொல்வார்? நீங்கள் சொல்லுங்கள், நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும்தானே?