மரியாதையான திருடி

"கடலைத் தாண்டி வரும்போது பணம் நனைஞ்சிடாதா?"

என் மகள் கெசியா ஒருமுறை கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விட்டதும் நேராக நான் வேலை பார்க்கும் சேமிப்புச் சங்கத்துக்கு வந்து, என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து தேங்காய் மிட்டாய் தின்பாள். அன்று கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற கட்பர்ட் குவாஷி, இங்கிலாந்திலிருந்து தனக்கு அறுபதாயிரம் பவுண்டு வரப்போகிறது என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் ஹடர்ஸ்ஃபீல்டில் பேருந்து ஓட்டியவர் அவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினால் வாசலில் மீன் விற்பவருக்கும் கேட்கும். மேசைக்கு அடியில் இருந்தவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

குவாஷி குனிந்து அவளைப் பார்த்தார். "பணம் நனையாது மகளே. அது வந்து சேர்றவரைக்கும் எனக்குத்தான் வேர்த்துக் கொட்டும். நனையுறது நான்தான்" என்றார்.

சொன்னபடியே ஆனது.

குவாஷியும் அவர் மனைவி யூலலியும் எங்கள் சின்னத் தீவான கரியாக்கூவுக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓய்வு பெற்றுத் திரும்புகிறவர்களை எங்கள் தீவில் 'இப்போதான் வந்தவங்க' என்று கேலி செய்வார்கள். வந்து பத்து வருடமானாலும் அந்தப் பெயர் போகாது. இருவரும் பெல்வியூ மேட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு முப்பத்தொரு படி. வந்த புதிதில் யூலலி அந்தப் படிகளைப் பாடிக்கொண்டே ஏறுவாள். பிறகு இடுப்பும் முழங்காலும் பழுதாயின. ஈஸ்டருக்குப் பிறகு அவள் கீழே இறங்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் நாங்கள் பாடுவதை மேலே வராந்தாவில் உட்கார்ந்து கேட்டு, கூடவே பாடுவாள். காற்று சரியாக வீசினால் அவள் குரல் எங்களுக்கும் கேட்கும்.

கீழே ஹில்ஸ்பரோ ஊரில், தேவாலயத்திலிருந்து நூறடி தூரத்தில் மிஸ் டெல்சீனா ஈனோவின் வீடு இருந்தது. தெருவோடு ஒட்டிய வீடு. ஒரே ஒரு படி. மிஸ் டெல்சீனா கணவரை இழந்தவர். ப்ரூக்ளினில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர அந்த வீட்டை விற்க நினைத்தார். குவாஷி விலை பேசி ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். செப்டம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் வக்கீல் அலுவலகத்தில் முழுப் பணமும் கட்ட வேண்டும். தவறினால் மிஸ் டெல்சீனா வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்த 'யாருக்கோ' ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். விரிகுடாவில் வெள்ளைப் பாய்மரப் படகை நிறுத்தியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், பதினையாயிரம் டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குவாஷி வெள்ளிக்குப் பதினோரு நாள் முன்பே இங்கிலாந்து வங்கிக்கு எழுதி அனுப்பிவிட்டார். ஐந்து வேலைநாளில் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். அந்த வாரப் புதன்கிழமை வரை எங்கள் புத்தகத்தில் ஒரு பவுண்டும் ஏறவில்லை. மாலையில் நான் முப்பத்தொரு படிகளையும் ஏறினேன்.

யூலலி எனக்கு ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். பனியில் குதிரை வண்டி போகும் படம் போட்ட ஆங்கிலேய டப்பா. உள்ளே பிஸ்கட்டுக்குப் பதில் எங்கள் ஊர் வறுத்த கடலை.

"உட்காரு வெர்லின். உன் முகம் ஏன் நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு?" என்றாள்.

"பணம் இன்னும் வரல மிஸ் யூலலி. மிஸ்டர் குவாஷி, வங்கியிலேர்ந்து உங்களுக்கு ஏதாவது கடிதம் வந்ததா?"

"கடிதமே வரல."

"ஃபோன்?"

"வங்கி எதுக்கு ஃபோன் பண்ணுது? ஃபோன் பண்றதெல்லாம் திருடங்கதான்." குவாஷி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா நான் யாரு? ஒரு வாரமா ஒருத்தி விடாம கூப்பிடுறா. ஏழு தடவை. ஏழு தடவையும் பட்டுன்னு வச்சுட்டேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே!"

அவர் சுவரைக் காட்டினார். தொலைபேசிக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. பெரிய எழுத்தில் மூன்று வரிகள்: பெயரைச் சொல்லாதே. எண்ணைச் சொல்லாதே. கீழே வை.

அந்த வரிகள் என்னுடையவை. தவக்காலத்தில், தொலைபேசித் திருடன் ஒருவனிடம் எங்கள் ஊர்ச் செவிலி ஒருத்தி எட்டாயிரம் டாலரைப் பறிகொடுத்தாள். அப்போது ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து நான்தான் பாடம் நடத்தினேன். இவ்வளவு நல்ல மாணவர் எனக்குக் கிடைப்பார் என்று அன்று எண்ணவில்லை.

"அவ யாருன்னு சொன்னா மிஸ்டர் குவாஷி?"

"உங்க வங்கியிலேர்ந்து பேசுறேன்னா. திருடன் வேற என்னத்தைச் சொல்லுவான்? ஆனா ஒண்ணு, ரொம்ப மரியாதையான திருடி. 'ஐயா, உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்'னு ஆரம்பிப்பா. எனக்கே பாவமா போச்சு. அஞ்சாவது தடவை 'மகளே, மனந்திரும்பு'ன்னு சொன்னேன். நேத்து அவளுக்காக ஒரு பாட்டே பாடினேன். ரெண்டு சரணம்."

"மூணு" என்றாள் யூலலி. "மூணாவதுல சுருதி போச்சு."

நான் கடலையைக் கீழே வைத்துவிட்டேன். "மிஸ்டர் குவாஷி, அவ திருடி இல்லன்னா?"

குவாஷியின் நெற்றியில் வேர்வை பூத்ததை நான் பார்த்தேன்.

வங்கி அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணை நாங்களே கூப்பிட்டோம். இங்கிலாந்தில் அப்போது இரவு. காத்திருக்கச் சொல்லி ஒலித்த பியானோவை நாற்பது நிமிடம் கேட்டபின் ஓர் இளைஞன் கணக்கை எடுத்துப் பார்த்து, பதிவில் இருந்ததை வாசித்தான்: "பெரிய தொகை. வாடிக்கையாளரிடம் நேரடியாக உறுதி பெற ஏழு முறை முயன்றோம். கடைசி முறை வாடிக்கையாளர் பாடினார்."

பணத்தை விடுவிக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. அந்தப் பெண் மறுநாள் காலை எங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுவாள், தயவுசெய்து இந்த முறை வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கே மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். குவாஷி ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. யூலலியின் தங்கை.

"சங்குக் கறி கிடைச்சிருக்கு, ரெண்டு கிலோ எடுத்து வைக்கட்டுமா?"

"வை! சங்கை வை, ஃபோனை வை!" என்று குவாஷி கத்தினார்.

சரியாக எட்டு மணிக்கு மறுபடி அடித்தது. குவாஷி எடுத்தார். சுவர் அட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"நீ வங்கிதான்னு நான் எப்படி நம்புறது?"

ஃபோனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்ததால் அந்தப் பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஐயா, செவ்வாய்க்கிழமை நீங்க எனக்கு மூணு சரணம் பாடினீங்க. மூணாவது கொஞ்சம் இறங்கிடுச்சு."

"அதுதான் நானும் சொன்னேன்!" என்றாள் யூலலி.

குவாஷி கண்ணை மூடிக்கொண்டார். "மகளே, என்னை மன்னிச்சிடு. உன்னை நான் என்னென்னவோ சொல்லிட்டேன்."

"பரவாயில்லை ஐயா. அன்னிக்கு என்கிட்ட பாட்டுப் பாடினது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க பேசினதைச் சொல்ல முடியாது."

பிறகு அவள் கேள்விகளைக் கேட்டாள். பணம் யாருக்கு, எதற்கு, வீட்டை நேரில் பார்த்தீர்களா? கடைசியாக ஒன்று: "இந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா?"

குவாஷி மனைவியைப் பார்த்தார். "ஆமாம்மா. என் மனைவியோட முழங்கால்."

அவள் சிரித்தாள். பணத்தை விடுவித்தாள். ஆனால் அது நியூயார்க் வழியாக, பக்கத்துப் பெரிய தீவின் வங்கிக்கு வந்து, அங்கிருந்துதான் எங்களிடம் வர வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அதற்கு வாய்ப்பே இல்லை. எனக்கு அது உடனே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்தது.

"போய்ச் சொல்லிடறேன். ஒப்பந்தம்னா ஒப்பந்தம். அந்தம்மா சனிக்கிழமை விமானம் ஏறணும். அவங்களைத் தொங்கல்ல விடக்கூடாது" என்றார். யூலலி படிகளின் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நானும் அவரோடு போனேன். பாடம் நடத்தியவள் நான். அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. மிஸ் டெல்சீனா பெட்டிகளுக்கு நடுவே ஓர் இரும்புச் சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். பாட்டு வந்த இடத்தில் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செவ்வாய்க்கிழமை வந்துடும் மிஸ் டெல்சீனா, ஆனா அது உங்களுக்குப் பயன்படாது" என்றார் குவாஷி. "நீங்க அந்தப் படகுக்காரருக்கே கொடுத்துடுங்க. எனக்கு வருத்தமில்லை."

"பொய் சொல்றதுக்கு அறுபது வயசுக்கு மேல பழகக்கூடாது. உனக்கு வரவே மாட்டேங்குது" என்றார் மிஸ் டெல்சீனா. "யூலலி கடைசியா எப்போ சர்ச்சுக்கு வந்தா?"

"ஈஸ்டருக்கு."

மிஸ் டெல்சீனா கொஞ்சநேரம் சன்னல் வழியே தேவாலய மணியைப் பார்த்தார். பிறகு, "படகுக்காரருக்குப் படகு இருக்கு. ராத்திரி படுக்க இடமிருக்கு. நான் அடுத்த வாரம் போறேன். மகள் என்ன, என்னைப் பார்க்காம இளைச்சா போயிடுவா?" என்றார்.

"டிக்கெட் மாத்த ஆகுற செலவை நான்..."

"காசுப் பேச்சு எடுத்தே, இப்பவே படகுக்காரரைக் கூப்பிடுவேன்."

குவாஷி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். சுவரில் மாட்டியிருந்த கணவர் அகஸ்டினின் படத்தை மிஸ் டெல்சீனா கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு குறைதான். நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு இவருக்கு மெழுகுவத்தி ஏத்த ஆளில்லை. இருபத்திரண்டு வருஷத்துல இந்த வருஷம்தான் முதல் தடவையா இருட்டுல கிடக்கப் போறார்" என்றார். எங்களிடம் சொன்னாரா படத்திடம் சொன்னாரா தெரியவில்லை. குவாஷி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பணம் வந்தது. தொண்ணூற்றாறு டாலர் குறைவாக. வழியில் நியூயார்க் வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டுவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து கெசியா தலையை நீட்டி, "மீன் கடிச்சிடுச்சா அம்மா?" என்றாள். இதை வக்கீல் அலுவலகத்தில் சொன்னதும், "அந்த மீன் தின்னது என் பங்கு" என்று மிஸ் டெல்சீனா கையெழுத்துப் போட்டார். குவாஷி மேசையில் எடுத்து வைத்த நூறு டாலரை அவர் தொடவில்லை.

புதன்கிழமை மிஸ் டெல்சீனா விமானம் பிடிக்கப் பெரிய தீவுக்குப் படகேறிப் போனார். டிக்கெட்டை மாற்ற அவருக்கு எவ்வளவு செலவானது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு யூலலியை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப் படிகளில் இறக்கிப் புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் ராணி மாதிரி கையசைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் யாரும் அவளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு படி இறங்கி, ஊன்றுகோலோடு நூறடி நடந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் குரல் இப்போது காற்றின் தயவை எதிர்பார்ப்பதில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று குவாஷியின் நகக்கண்களில் சுண்ணாம்பு அப்பியிருந்ததைப் பார்த்து, "என்ன மிஸ்டர் குவாஷி, வெள்ளையடிப்பா?" என்று கேட்டேன்.

"வேலிக்கு" என்றார்.

அந்த வீட்டுக்கு வேலி கிடையாது. எனக்கு அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

கல்லறைத் திருநாளன்று மாலை ஊரே மெழுகுவத்தியோடு கடற்கரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. கெசியாவுக்குக் காய்ச்சல், என்னால் போக முடியவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், என் பெற்றோருக்கு ஏற்றிவிட்டு, பையில் மீதி இருந்த இரண்டு மெழுகுவத்திகளோடு அகஸ்டின் ஈனோவின் கல்லறையைத் தேடினேன். அது ஒரு மூலையில், காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருந்தது. ஒரு கையாவது அவருக்கு வெளிச்சம் காட்டட்டும் என்று எண்ணினேன்.

தோட்டத்தில் யாரும் இல்லை. கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கியிருந்தது. கல் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. அதன்மேல் வரிசையாக மெழுகு உருகி உறைந்திருந்தது, எண்ணினேன், இருபத்திரண்டு. கடல் பக்கமாகக் காற்றை மறைக்க யாரோ ஒரு தகர டப்பாவை வெட்டி விரித்து, வேலிபோல நட்டிருந்தார்கள். நீல நிறத் தகரம். அதில் பனியில் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது.

இருபத்திரண்டில் ஒன்று மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

என் மெழுகுவத்திகள் இரண்டையும் பையிலேயே போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.