நெற்றியோரம்

யெம்மா என் தங்கை தஸ்னீமின் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாலைக் காப்பி குடித்த கோப்பைகள் தட்டிலேயே கிடந்தன. தொலைக்காட்சியில் ஏதோ துருக்கித் தொடரில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். தஸ்னீம் யெம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையை மண்டையோடு ஒட்ட வாரி, பிடரியில் ஒரே வாலாகச் சேர்த்து, அந்த வாலின் அடியிலிருந்து நுனிவரை கர்தூனை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கர்தூன் என்பது பெரிய விஷயமில்லை, விரல் அகலத்தில் ஒரு நீள ரிப்பன். ராத்திரி அப்படியே படுத்து எழுந்தால் காலையில் சுருட்டை முடி நேராகத் தொங்கும், மழை வராதவரை. எங்கள் ஊரில் சுருட்டை முடியோடு பிறந்த பெண்ணுக்குப் பல் முளைப்பதற்கும் கர்தூன் கட்டுவதற்கும் ரொம்ப இடைவெளி இருக்காது.

கோப்பைகளை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். தஸ்னீமின் காதுக்கு மேலே, முடி தொடங்கும் ஓரத்தில், வேருக்கு வேர் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சிலவற்றின் முனையில் வெள்ளை கட்டியிருந்தது. அவற்றுக்கு நடுவே தோல் உமியாக உரிந்து எண்ணெயில் ஒட்டிக்கிடந்தது. எனக்கு அந்தக் கொப்புளங்களைத் தெரியும். வெந்நீர் பட்டால் எப்படி எரியும், தலையணையில் எந்தப் பக்கம் படுத்தால் வலி குறையும் என்பதுகூடத் தெரியும்.

எனக்கு இருபத்தெட்டு வயது. நெற்றியின் இரண்டு ஓரமும் காதுவரை வழித்தெடுத்த மாதிரி இருக்கும். வெளியே போனால் முக்காடு, வீட்டில் தலைத்துண்டு, அதனால் என் தம்பிகளுக்கே சரியாகத் தெரியாது. டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படக் கடையில் வேலை செய்கிறேன். கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவது என் பொறுப்பு. மணப்பெண்ணின் முகத்தில் பருவை அழிப்பதற்கு முன்னால் நான் செய்வது நெற்றியோரத்தை நிரப்புவதுதான். யாரும் கேட்பதில்லை, நானாகச் செய்துவிடுவேன். படத்தை வாங்கிப் பார்க்கும்போது அவர்கள் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், உறையில் போட்டுக்கொள்வார்கள்.

இந்த முடி எங்களுக்குப் பாபா வழியில் வந்தது. பாபா பேருந்து ஓட்டுகிறார், வாராவாரம் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிடுவார், அவருக்குப் பிரச்சினை அதோடு முடிந்தது. யெம்மாவுக்கும் அவள் தங்கை நஸீமா சித்திக்கும் பட்டு மாதிரி நேர் முடி. சித்தியின் பெண்கள் தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் எல்லாம் தன் இடத்தில் போய் விழும். எனக்கு அடுத்து மூன்று ஆண் பிள்ளைகள், அதற்குப் பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தஸ்னீம். சித்தியின் மகனுக்கு அன்னாபா நகரத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்காக யெம்மா மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே தினமும் கட்ட ஆரம்பித்திருந்தாள், பழகினால் படியும் என்று.

மறுநாளே தஸ்னீமைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கப் போவதாக யெம்மாவிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், அவளுக்கும் சுருட்டைதான், கட்டையாக வெட்டியிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தாள்.

"இந்த மாதிரி முடியில தலையில ஊறுற எண்ணெய் நுனி வரைக்கும் இறங்காது. வேர்லயே தங்கிடும். நுனி காயுதேன்னு நீங்க மண்டையில இன்னும் எண்ணெய வெப்பீங்க. அதுல தோல் உரியுது, அரிக்குது. அதுக்கு மேல இழுத்தும் கட்டினா வேர் புண்ணாகாம என்ன ஆகும்?"

"இப்ப என்ன செய்யணும்?"

"விரல் நுனியால மெதுவா கழுவுங்க. நகம் படக் கூடாது. ஈரத்துலயே அகலப் பல் சீப்பு. எண்ணெய் வேணும்னா நுனிக்கு மட்டும். மருந்து தர்றேன். ரிப்பனை விட்டுடணும், அதுதான் முக்கியம். விட்டீங்கன்னா இவளுக்கு எல்லாம் வளர்ந்துடும்."

நான் எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்காமல் முக்காட்டை அவிழ்த்தேன். அவள் அதே கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இங்க வேர்க்குழியெல்லாம் மூடிப்போச்சும்மா. பொய் சொல்லி அனுப்ப மனசு வரல."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம். வெளியே வந்து, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று தஸ்னீமுக்கு உண்மையாகவே ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு வாங்கினேன். டாக்டரைப் பற்றி வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் காட்டவில்லை, நேராக அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். "டாக்டர் கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க யெம்மா. அக்காவுக்கும் பார்த்தாங்க. ரிப்பன் கட்டக் கூடாதாம். அக்காவுக்கு இனிமே வளராதாம்."

யெம்மா கல்லில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். தஸ்னீமை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

"செருப்பு வாங்கப் போறேன்னுதானே சொன்னே."

"வாங்கினேன்."

"எங்க வீட்ல எல்லாரும் கட்டினவங்கதான். எங்க அம்மா எங்களுக்குக் கட்டலையா?"

"உனக்கு நேர் முடி. உனக்கு அது விளையாட்டு. இழுக்க வேண்டிய தேவையே இல்ல."

"அப்ப என் கையாலதான் உனக்கு இப்படி ஆச்சுங்கற."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம். நான் தலைத்துண்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன். யெம்மா பார்த்துப் பல வருஷம் இருக்கும். நானும் காட்டியதில்லை, அவளும் கேட்டதில்லை.

"ஆமா," என்றேன்.

அவள் ரொட்டியைத் திருப்பவில்லை. ஒரு பக்கம் தீய்ந்து புகைந்தது. "உன்னை லட்சணமா அனுப்பணும்னுதானேடி. நஸீமா பொண்ணுங்களோட நிக்கும்போது உன்னை மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. எனக்கு அது தாங்காது." பிறகு என் பக்கம் திரும்பி, "வலிக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா நீ? கண்ணுல தண்ணி நிக்கும். மறுநாள் நீயாதான் வந்து மடியில உட்காருவே," என்றாள்.

"சொன்னா எழுப்பி விட்டுடுவே."

மூன்று தம்பிகளும் அடுத்தடுத்துப் பிறந்து வீடு கத்தலும் ஈரத் துணியுமாகக் கிடந்த காலம் அது. நாள் முழுவதும் யெம்மாவின் முதுகைத்தான் பார்க்க முடியும். தலை கட்டும் அந்த அரைமணி நேரம் மட்டும் அவள் என்னுடையவள். அவள் மூச்சு என் உச்சியில் படும், சின்ன வயதில் தான் செய்த குறும்புகளையெல்லாம் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பேசிக் காட்டுவாள். அதற்கு விலை வலிதான் என்றால் எனக்குச் சம்மதமாக இருந்தது. இதையெல்லாம் அடுப்படியில் நின்று சொல்ல எனக்கு வரவில்லை. யெம்மா தீய்ந்த ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் தஸ்னீமைக் கூப்பிடவில்லை. கர்தூனையும் காணோம். பாபா சாப்பிடும்போது எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன, வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். யெம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

அதற்குப் பிறகு தஸ்னீமின் தலை என் பொறுப்பானது. டாக்டர் சொன்னபடி செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் நுனியால் மண்டையைத் தேய்த்து, உரிந்த தோலை ஊறவைத்து, மருந்து தடவி, ஈரம் இருக்கும்போதே நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தேன். இழுபடாத முடி எப்படி இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. காய்ந்ததும் அது சுருள் சுருளாக எழுந்து தோள்வரை குடையாக நின்றது. கொப்புளங்கள் அமுங்கின. ஓரத்தில் பூனைமுடி மாதிரி ஒரு வரிசை முளைத்தது. கடையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வரிசை ஞாபகத்துக்கு வரும், எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் நான் கழுவும்போது தஸ்னீம் என்னோடு பேச மாட்டாள். முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். யெம்மா அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பாள், இரண்டு கையும் மடியில் சும்மா கிடக்கும்.

பள்ளிக்கூடத்தில் அவளைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இதை அவள் சொல்லவில்லை, எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். டீச்சர் ஒரு நாள் எல்லார் முன்னாலும், தலைசீவிவிட வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டாளாம். நான் போய் டீச்சரைப் பார்த்தேன். "நான் சுத்தத்துக்குச் சொன்னேன்மா, வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க," என்றாள். அவள் தலைமுடி சலூனில் தேய்த்து நீட்டிய முடி, நெற்றியோரம் முடி மெலிந்திருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தபோது நஸீமா சித்தி போனில் முகம் காட்டிப் பேசினாள். எந்தச் சட்டை, எந்தப் பேருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டு, குழந்தையைக் காட்டு என்றாள். யெம்மா தயங்கினாள். தஸ்னீம் தானாகவே முன்னால் வந்து நின்றாள்.

"என்னடி இது, கரண்ட்டுல கைய வெச்சுட்டியா?" என்றாள் சித்தி. அவளுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. "அக்கா, பொண்ணுக்கு ஒரு ரிப்பன்கூடவா இல்ல உங்க வீட்ல?"

தஸ்னீமும் சிரித்தாள். சத்தமாக, எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம். யெம்மா போனை என் பக்கம் திருப்பவுமில்லை, டாக்டர் சொன்னதைச் சொல்லவுமில்லை. "பார்க்கலாம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு நின்றது. தஸ்னீம் வெளியே வருவாள் என்று காத்திருந்தேன், வரவில்லை. குளியலறை காலியாக இருந்தது. விருந்தினர் அறையில் ஒரு ஜன்னலின் திரை கட்டவிழ்ந்து தொங்கியது. அலமாரிக்குப் பக்கத்தில் தஸ்னீம் நின்றிருந்தாள். ஈரத் தலையை ஒன்றாகச் சேர்த்துத் திரைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, கயிற்றின் மறுமுனையை அலமாரிக் கதவில் வைத்துச் சாத்தியிருந்தாள். உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியோரத் தோல் வெளுத்துக் கூடாரத் துணியாக விறைத்து நின்றது.

"என்ன பண்ற?"

"யெம்மா கட்ட மாட்டேங்குறா. நீயும் கட்ட மாட்டே. நானே நேராக்கிக்கிறேன்."

எனக்குப் பின்னால் யெம்மா வந்துவிட்டாள். இப்போது திருப்திதானா என்று என்னைத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறுகையால் அலமாரிக் கதவைத் திறந்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெகிழ்த்தி நெகிழ்த்தி அவிழ்த்தாள். கயிறு வந்தபோது அதோடு ஒரு கொத்து முடியும் வந்தது. யெம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை, ஆனால் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

அவள் தன் அறைக்குப் போய்க் கர்தூனை எடுத்துக்கொண்டு வந்தாள். தஸ்னீம் ஓடிப்போய் அவள் காலடியில் உட்காரப் பார்த்தாள். யெம்மா நகர்ந்துகொண்டாள். ரிப்பனை என்னிடம் நீட்டினாள்.

"நீ கட்டு. என் கை இழுத்தே பழகிப்போச்சு, லேசா கட்டணும்னாலும் வராது."

"கட்டவே கூடாதுன்னாங்க யெம்மா."

"தெரியும். நாளைக்கு நீ கடைக்குப் போயிருப்பே, நான் அடுப்படியில இருப்பேன். இவ எதுல மாட்டி இழுத்துக்குவாளோ. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

டாக்டர் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம், அதில் இதற்கு மட்டும் பதில் இல்லை. யெம்மா ரிப்பனை என் கையில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தஸ்னீம் என் முன்னால் வந்து எனக்கு முதுகு காட்டித் தரையில் அமர்ந்து, இரண்டு கையாலும் முடியைப் பிடரியிலிருந்து தூக்கிப் பிடித்தாள்.

"சீக்கிரம்க்கா. காஞ்சா சுருண்டுக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். அவள் காதுக்கு மேலே, சிவந்துபோன தோலில், ஒரு விரற்கடைகூட இல்லாத புது முடி ஒன்று ஈரத்திலிருந்து விடுபட்டு மெல்ல வளைந்துகொண்டிருந்தது.